லத்தீன் படிக்க இணையத் தளங்கள்: எது சொல்லித்தரும், எது நமக்குப் பதிலாகப் படித்துவிடும்

லத்தீன் படிக்க இணையத்தில் காசில்லாமல் கொட்டிக் கிடக்கிறது. அதை நம்பி ஒரு வருடம் முட்டி மோதிவிட்டு, சரி, இன்றைக்கு எதையும் தட்டாமல் சீசரின் ஒரு பத்தியைப் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் வண்டி நின்றுவிட்டது. அந்த ஒரு வருடமும் நான் படிக்கவே இல்லை, சொல்லைத் தட்டித் தட்டிப் பொருள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது நாலைந்து பேருக்கு வாரம் ஒருமுறை வீடியோவில் சொல்லித்தருகிறேன், அதனால் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் மூடின பிறகு தலையில் என்ன மிச்சம் இருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். கீழே இருப்பது அந்தக் கண்ணோட்டத்தில் எழுதியது, எல்லாத் தளங்களும் இதில் வராது.

பெர்சியஸில் இருந்துதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் மின்நூலகம், 1995 முதல் வலையில் இருக்கிறது. மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி, இலக்கண நூல் எல்லாம் ஒரே இடத்தில். எந்தச் சொல்லைத் தட்டினாலும் இது என்ன வேற்றுமை, என்ன காலம், எந்த வேர்ச்சொல் என்று பிரித்துக் காட்டும். முதல்முறை பார்க்கும்போது வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் அது பிரித்துக் காட்டுகிறதே தவிர, இந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ‘எஸ்த்’ என்று எளிய சொல் ஒன்றைத் தட்டுங்கள், ‘இருக்கிறது’ என்றும் வரும், ‘சாப்பிடுகிறது’ என்றும் வரும். இரண்டும் சரி, இரண்டுமே லத்தீனில் உண்டு. என் மாணவர் ஒருவர் ரோம் இத்தாலியில் சாப்பிடுகிறது என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார், ஒரு நிமிடம்கூட சந்தேகப்படவில்லை, தளம் சொன்னதாம். வேகமும் சில நாள் ஆமைதான். அதே குழு 2018-இல் கொண்டுவந்த ஸ்கைஃப் என்ற வாசிப்பான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, பழைய பெர்சியஸில் கை பழகினவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

அந்த ‘எஸ்த்’ குழப்பத்துக்கு உண்மையான காரணம் குறில் நெடில். சாப்பிடுகிறது என்பதில் உயிர் நெடில், அதாவது ‘ஏஸ்த்’. இருக்கிறது என்பது குறில். ரோமானியர்கள் எழுதும்போது பொதுவாக இதைக் குறித்துவைக்கவில்லை, அதனால் பெரும்பாலான தளங்களும் வெறும் எழுத்தை அப்படியே போட்டுவிடுகின்றன. ஆங்கிலம் வழியாக லத்தீன் படிப்பவர்களுக்கு எழுத்தின் மேல் போடும் அந்தச் சின்னக் கோடு ஏதோ அலங்காரம் மாதிரி தெரியும், விட்டுவிடுவார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று நம்மிடம் இருக்கும் அதே ஐந்து ஜோடிதான் அங்கேயும். ‘வெனித்’ என்றால் வருகிறான், ‘வேனித்’ என்றால் வந்தான். ‘லிபெர்’ புத்தகம், ‘லீபெர்’ சுதந்திரமானவன். ‘மலும்’ தீமை, ‘மாலும்’ ஆப்பிள். இதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிகிறது, கோடு போட்ட ஆங்கில எழுத்தில் காட்டினால் மூன்று வாரம் ஆகிறது. என் அனுபவம் இது. ஆகவே தொடக்க நிலைக்கு ஒரு தளத்தைப் பரிந்துரைக்கும் முன் நெடில் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அது பிற்பாடு பயன்படும், இப்போது வேண்டாம். செய்யுளுக்குப் போகும்போது இதே விஷயம் மறுபடி வந்து நிற்கும், ஏனென்றால் லத்தீன் செய்யுளை அலகிடுவதே அசையின் நீளத்தை வைத்துத்தான். ஹெக்ஸாமீட்டர்.கோ என்று ஒரு தளம் ஒவ்வொரு வரியாகக் கொடுத்து நம்மையே அலகிடச் சொல்கிறது, தப்பானால் காட்டுகிறது. தமிழில் நேர் நிரை பிரித்துப் பழகினவர்களுக்கு அது கிட்டத்தட்ட விளையாட்டு.

தி லத்தீன் லைப்ரரி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலங்களை வரிசையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பது பல இடங்களில் தெரியாது, எழுத்துப்பிழையும் உண்டு, ஆராய்ச்சிக்கு இது இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பத்தியை அவசரமாக எடுத்து அச்சடிக்க நன்றாக இருக்கும்.

அதைவிட எனக்கு உயிர், பேக்கார்ட் மனிதவியல் நிறுவனத்தின் லத்தீன் தொகுப்பு. பிஎச்ஐ என்பார்கள். பார்வைக்கு ஒன்றுமே இருக்காது, மொழிபெயர்ப்பு இல்லை, குறிப்பு இல்லை, சொல்லைத் தட்டினால் அகராதியும் இல்லை. ஆனால் ஏறக்குறைய கி.பி. 200 வரையிலான லத்தீன் எழுத்தில் மிகப் பெரும்பகுதியை ஒரே தேடலில் சலித்துக் கொடுத்துவிடும். வகுப்பில் ஒருநாள் ‘கர்தாகோ தேலெந்த எஸ்த்’ என்ற வாசகத்தைத் தேடச் சொன்னேன், ரோமின் எதிரி நகரமான கார்தேஜை அழித்தாக வேண்டும் என்று ரோமானிய அரசியல்வாதி கேட்டோ முழங்கியதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, அதைத்தான். அந்த வடிவத்தில் பழைய ஆசிரியர் யாரும் எழுதி வைக்கவில்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி, கேட்டோ இப்படிக் கூவினார் என்று அயற்கூற்றில் சொல்கிறார், அங்கே ‘கர்தாகினெம் தேலெந்தம்’ என்று இரண்டாம் வேற்றுமையில் வருகிறது. அயற்கூற்றில் எழுவாய் ஏன் இரண்டாம் வேற்றுமைக்குப் போகிறது என்று நான் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது அந்தப் பத்து நிமிடத் தேடலில் எல்லோருக்கும் ஏறிவிட்டது.

இதே தொகுப்பு இன்னொரு விதத்திலும் காப்பாற்றியது. ஒரு சாட்பாட்டிடம் ரோமானியப் பேச்சாளர் சிசரோ நட்பைப் பற்றிச் சொன்ன வாசகம் ஒன்று கேட்டேன், அழகாக ஒரு வரி கொடுத்தது, நூல் பெயர், பகுதி எண் எல்லாம் சேர்த்து. பயிற்சித் தாளில் போட்டு அனுப்பும் முன் ஏதோ உறுத்தவே தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வரி சிசரோவில் எங்கும் இல்லை. இலக்கணம் விளக்கக் கேட்டால் அது பரவாயில்லாமல் சொல்கிறது, நெடில் குறி போடச் சொன்னால் பத்தில் ஒன்றிரண்டைத் தப்பாகப் போடுகிறது, மேற்கோள் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள்.

அகராதிக்கு லோகேயான். சிகாகோ பல்கலைக்கழகத்தினுடையது. ஒரு சொல்லைப் போட்டால் லூயிஸ்–ஷார்ட், பிரெஞ்சு அகராதியான காஃபியோ, இடைக்கால லத்தீன் அகராதி என்று பலதும் ஒரே பக்கத்தில் வந்துவிடும், கிரேக்கமும் உண்டு. அந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றும் காட்டும், இந்தச் சொல்லை மனப்பாடம் செய்யலாமா விடலாமா என்று முடிவெடுக்க அது ஒன்றே போதும். விட்டேக்கர்ஸ் வேர்ட்ஸ் என்ற பழைய நிரலையும் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்க விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அடா நிரல்மொழியில் எழுதியது, அவர் 2010-இல் இறந்துவிட்டார், நிரல் இன்னும் ஓடுகிறது. கணினியில் இறக்கிக்கொண்டால் இணையமே வேண்டாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கருவிகள். உட்கார்ந்து படிப்பதற்கு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டிக்கின்சன் கல்லூரி உரைகள். பக்கத்தில் மூலம், அதற்கு எதிரே குறிப்பும் சொற்பொருளும், அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், மிக அடிக்கடி வரும் ஏறக்குறைய 1000 சொற்களை ஒரு அடிப்படைப் பட்டியலாகத் தனியே வைத்துவிட்டு, அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் பொருள் கொடுப்பதே இல்லை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், என் வகுப்பில் ஒருவர் திட்டியேவிட்டார். ஒரு மாதத்தில் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். நேப்போஸ் என்ற ரோமானியர் எழுதிய, கார்தேஜின் தளபதி ஹானிபாலின் வரலாறு அங்கே இருக்கிறது, வாக்கியம் சின்னச் சின்னது, கதையும் ஓடும், முதலில் அதை எடுங்கள். சீசரை அப்புறம் பார்க்கலாம். குறை என்றால் நூல்கள் குறைவு, பலதும் தேர்ந்தெடுத்த பகுதிகள்தான். இலக்கணக் குறிப்புகள் ஆங்கிலம் பேசுபவருக்காக எழுதியவை, செயப்படுபொருளுக்கு ஏன் தனி வடிவம் என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். ‘ஐ’ உருபு தெரிந்தவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம். அப்லேட்டிவ் என்ற வேற்றுமை வரும்போது மட்டும் நின்று படியுங்கள், நம் மூன்றாவதும் ஐந்தாவதும் ஏழாவதும் செய்கிற வேலையில் பெரும்பகுதியை அங்கே ஒன்றே தலையில் சுமக்கிறது.

டுவோலிங்கோவில் 2019-இல் லத்தீன் வந்தது. குடிகாரக் கிளிகள் வரும், சிரிப்பாக இருக்கும். நெடில் குறி இல்லை, நிகழ்காலத்தைத் தாண்டி அதிகம் போகாது, சீக்கிரமே முடிந்துவிடும். லத்தீன் நமக்கு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்க்க ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

லோப் நூல்வரிசை 1911-இல் தொடங்கியது, 2014 முதல் சந்தா கட்டி இணையத்திலும் படிக்கலாம். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். பதிப்பும் நம்பகமானது, தேடலும் நன்றாக இருக்கிறது, ஆனால் கண் வலப்பக்கமே ஓடும், அதை அடக்க எனக்கு இன்னும் தெரியவில்லை, ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொள்கிறேன். காப்புரிமை முடிந்த பழைய தொகுதிகள் ஓசியிலேயே கிடைக்கும். அதில் ஒரு வேடிக்கை, ரோமானியக் கவிஞர் மார்ஷலின் பழைய தொகுதியில் ஆபாசமான பாடல்களை மட்டும் ஆங்கிலத்தில் தராமல் இத்தாலிய மொழியில் போட்டிருக்கிறார்கள். ஆக, அந்தப் பாடல்களுக்கு லத்தீனைப் படித்தே தீர வேண்டும்.

காதுக்கு வந்தால் யூடியூபில் நிறைய இருக்கிறது, உச்சரிப்பு மட்டும் இரண்டு விதம் என்று தெரிந்துகொண்டு போங்கள். பழைய ரோமானிய முறையில் ‘வீகீ’ என்பது தேவாலய முறையில் ‘வீச்சி’ ஆகிவிடும். இரண்டும் தப்பில்லை, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், நாளுக்கு ஒன்றாகக் கேட்டால் மண்டை குழம்பும். பின்லாந்து வானொலி 1989 முதல் 2019 வரை முப்பது வருடம் வாராவாரம் லத்தீனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான், உலக நடப்பை யாரோ ஒருவர் நிதானமாக லத்தீனில் சொல்வதைக் கேட்பது வேறு சுகம்.

கடைசியாக, காசு கேட்கும் செயலிகள். பெயர் வேண்டாம், ஒன்றில் இலவசச் சோதனைக் காலத்தில் சேர்ந்தேன், ரத்து செய்யும் பொத்தான் நாலு திரை உள்ளே ஒளிந்திருந்தது, கண்டுபிடிப்பதற்குள் ஒரு வருடச் சந்தாவை எடுத்துவிட்டார்கள். உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் நெடில் குறி இல்லாத மூலம், எல்லாச் சொல்லுக்கும் தட்டினால் பொருள். ஒலிப்பதிவுகள் மட்டும் நன்றாக இருந்தன, போன காசுக்கு அதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.