அப்பா நட்ட மரத்தில் ஜாடி கடையக் கொடுத்தேன், 14,500 போச்சு. நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி ஜாடியின் மூடி திறக்கவில்லை. கரண்டிக் காம்பை விட்டு மெதுவாகத்தான் நெம்பினேன். டப்பென்று ஒரு சத்தம், வாயிலிருந்து அடிவரைக்கும் ஒரே விரிசல். ஆறினால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்த வருஷம் அப்பா நட்ட மாமரம் அது. போன காற்றுமழையில் வேரோடு சாய்ந்தது. அப்பா ஏற்கெனவே இல்லை, இப்போது மரமும் இல்லை. ஊஞ்சல் கட்டிய கிளையில் மட்டும் பத்து அங்குல நீளத் துண்டு ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டேன், மீதியெல்லாம் விறகுக்குப் போய்விட்டது. ஊஞ்சலுக்காக அப்பா அடித்த ஆணி ஒன்று உள்ளேயே துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பிடுங்கியபோது துளையைச் சுற்றி மை கொட்டினது மாதிரி கருநீலக் கறை. அந்தக் கறை மூடியில் தெரிகிற மாதிரி ஒரு ஜாடி கடைந்து, அப்பாவின் கைக்கடிகாரத்தை அதில் போட்டு அம்மாவிடம் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான் ஆசை.

கைவினைக்காரர்களைப் பிடித்துத் தருகிற ஆன்லைன் தளம் ஒன்றில் ஒரு கடைசல்காரர் கிடைத்தார், மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி வடிவம் எடுக்கிறவர். பெயர் சொல்லப் போவதில்லை. மொத்தம் 14,500, அதில் 10,000 முன்பணம். நான் ஏமாந்தது விலையைப் பார்த்தோ படங்களைப் பார்த்தோ இல்லை. அந்த ஆள் பேசினதைக் கேட்டு. வீடியோவில் கட்டையைக் காட்டியதும் முதல் கேள்வி, "மரம் சாஞ்சு எத்தனை நாள் ஆச்சு சார்?" இரண்டு மாதம் என்றேன். "அப்போ உள்ளே பச்சைதான். இதை அவசரப்படுத்தவே கூடாது" என்று ஆரம்பித்து பாடமே எடுத்தார். ஈர மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காதாம், நடுவிலிருந்து வெளியே போகிற திசையைவிட, மரத்துக்குள் இருக்கிற வளையத்தை ஒட்டின திசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்குமாம், அதில் வெடிப்பு விழுமாம், அதனால் கிளையின் நடுப்புள்ளியை ஜாடிக்குள் விடவே கூடாதாம். முதலில் தடிமனாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டு, கடைசல் சுருளோடு காகிதப் பையில் போட்டு மாதக்கணக்கில் காய வைப்பாராம், வாரம் ஒருமுறை எடை பார்த்து, எடை இறங்குவது நின்ற பிறகுதான் இரண்டாவது கடைசல், அதற்கப்புறம்தான் மூடிக்கு வாய் பொருத்துவது. "ஆறு மாசம் ஆகும் சார், பரவாயில்லையா? அப்பா மரமாச்சே." அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். பின்னால் நானும் படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது அத்தனையும் சரி! தொழில் தெரியாத ஆளாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பதினெட்டே நாளில் "ரெடி சார், பேலன்ஸ் போடுங்க" என்று செய்தி. ஆறு மாதம் என்றீர்களே என்றதற்கு, "உங்க மரம் நல்லா வைரம் பாஞ்சது, சீக்கிரம் காஞ்சிடுச்சு." அப்போதே உறைத்திருக்க வேண்டும். 4,500 அனுப்பினேன்.

வந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது, பளபளவென்று. கையில் எடுத்தால் சில்லென்று கனம். சந்தேகத்தில் மூடியில்லாமல் சமையலறைத் தராசில் வைத்தேன், 640 கிராம். மூன்று வாரம் கழித்து 520. 120 கிராம் தண்ணீரை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அடியைத் திருப்பினால், விடவே கூடாது என்று அவரே சொன்ன நடுப்புள்ளி, பொட்டு வைத்த மாதிரி நட்ட நடுவில். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய வெடிப்புகளில் மரத்தூளையும் பசையையும் வைத்து அடைத்து மேலே மெருகு போட்டிருக்கிறார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும், நகத்தை ஓட்டினால் தட்டும்.

அடுத்தது மூடி. கறை இல்லை. ஜாடியின் ரேகை ஒரு பக்கம் ஓடுகிறது, மூடியின் ரேகை வேறெங்கோ போகிறது, நிறமும் செம்மையாக இருக்கிறது. தெரிந்த தச்சர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூடி வேற மரம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடி காய்ந்த மரம், ஜாடி ஈர மரம். ஜாடி சுருங்கச் சுருங்க வாய் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கேட்டால் ஒரு நாள் "மரம்னா மூச்சு விடும் சார்", மறுநாள் "ஏசியில வச்சீங்களா?", அப்புறம் "எண்ணெய் தேய்ங்க, சரியாயிடும்." கறை எங்கே என்றால் சீவும்போது போய்விட்டதாம். மீதிக் கட்டையையாவது அனுப்புங்கள் என்றேன், எல்லாம் தூளாகிவிட்டதாம். எட்டு அங்குலத் தடிமன் கட்டை சார் அது! அதற்கப்புறம் நீல டிக் மட்டும் வரும், பதில் வராது.

தளத்துக்காரர்கள் அதைவிட மேல். வாங்குபவர் கொடுத்த மூலப்பொருளில் செய்ததற்குப் பணம் திரும்பக் கிடையாது என்று ஒரே பதிலை நான்கு முறை ஒட்டினார்கள். ஐந்தாவது முறை, என் மனவருத்தத்துக்காக அடுத்த ஆர்டரில் 10 சதவீதத் தள்ளுபடி. அடுத்த ஆர்டருக்கு அந்த மரத்துக்கு நான் எங்கே போக?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது ஓடுவது இவ்வளவுதான். கட்டை முழுவதையும் ஒரே ஆளிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள், பாதியை இரண்டு முனையிலும் மெழுகு பூசி நீங்களே வைத்திருங்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். முதல் கடைசல் முடிந்ததும் தராசில் வைத்துப் படம் கேளுங்கள், அப்புறம் மாதாமாதம் கேளுங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது என்றால் மீதிப் பணம் போடாதீர்கள். மூடியும் ஜாடியும் ஒரே துண்டுதான் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கைக்கடிகாரம் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தளத்திலிருந்து மெயில், 14,500 பற்றிய என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று.