மாடியும் கீழ்வீடும்: கடலூரில் ஒரு கணினிச் சேவை பற்றிய மதிப்புரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் சிறிய கணினிப் பழுதுநீக்கும் கடையின் வீட்டுச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். கடை என்றால் ஒரு மேசை, பிரித்துப் போட்ட மடிக்கணினிகள், ஆணியில் மாட்டிய கேபிள் சுருள்கள், அவ்வளவுதான். தோற்றத்தை வைத்து எடை போட்டிருந்தால் நான் உள்ளே நுழைந்திருக்கவே மாட்டேன்.

புதுப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணன் வரிக்கணக்கு எழுதுகிறார். கோப்புகளும் பிரிண்டரும் அவருடைய கணினியில் இருக்கின்றன. மாடியில் என் மடிக்கணினி. இரண்டிலும் இணையம் தடையின்றி வந்தபோதிலும், ஒன்றின் நெட்வொர்க் பட்டியலில் மற்றொன்று தலைகாட்டவே இல்லை. இதற்கு முன் வந்து பார்த்த வேறொருவர், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும், ரவுட்டரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்தக் கடையிலிருந்து வந்த இளைஞர் எடுத்த எடுப்பிலேயே எந்த அமைப்பிலும் கை வைக்கவில்லை. இரு கணினிகளிலும் கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்து, வந்த முகவரிகளை ஒரு பழைய ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டார். கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.103. "சார், ரெண்டும் வேற வேற நெட்வொர்க்ல இருக்கு. மாடியில தனியா ரவுட்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தோம். ஃபைபர் நிறுவனம் பொருத்திய பெட்டியின் வைஃபை மாடிக்கு எட்டாததால், அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இரண்டாவது ரவுட்டரின் வான் (WAN) துளையில், அதாவது இணையம் உள்ளே வருவதற்கான துளையில், செருகியிருந்தோம்.

அவர் விளக்கியது இதுதான். வான் துளை வழியாக இணைக்கப்பட்ட ரவுட்டர், தனக்குப் பின்னால் உள்ள கருவிகளுக்குத் தனி வரிசையில் முகவரி கொடுத்து, அவற்றை வெளிப்பக்கத்திலிருந்து மறைத்துவிடுகிறது. வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக இருக்கும் 255.255.255.0 என்ற அமைப்பில், முகவரியின் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால்தான் இரு கணினிகளும் ஒரே வலையில் இருப்பதாகப் பொருள். இதில் ஒருவழித் தன்மையும் உண்டு: மாடியிலிருந்து கீழ்க்கணினியின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்தால் அது திறக்கக்கூடும், ஆனால் கீழிருந்து மேலே எட்ட முடியாது. "சில நேரம் வேலை செய்கிறது" என்று அண்ணன் சொல்லிவந்ததை நான் நம்பாமல் இருந்ததற்கு இங்கே விடை கிடைத்தது.

தீர்வுக்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மாடி ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, கேபிளை வான் துளையிலிருந்து கழற்றி வீட்டுக் கருவிகளை இணைக்கும் லான் (LAN) துளையில் செருகினார். அந்த ரவுட்டர் வெறும் வைஃபை பரப்பும் கருவியாக மாறியது. அதன் பிறகு விண்டோஸில், பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருந்ததைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றி, கணினிகள் ஒன்றையொன்று கண்டறிய உதவும் நெட்வொர்க் டிஸ்கவரியை இயக்கினார். உடனே பட்டியலில் பெயர்கள் தென்பட்டன. கீழ்க்கணினியின் கோப்புறை கடவுச்சொல் கேட்டபோது அண்ணன் தன் நான்கு இலக்கப் பின் எண்ணை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கணினிக்குள் நுழையத்தான் பின் உதவும், நெட்வொர்க் வழியாக வர மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும் என்பதை அந்த இளைஞர் பொறுமையாகச் சொன்னார்.

பழுதைக் கண்டுபிடிப்பதில் இவருக்கு முழு மதிப்பெண் தருவேன். பாதுகாப்பில் அப்படித் தர இயலாது. சோதனைக்காக, வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஆன்ட்டிவைரஸின் ஃபயர்வாலை அணைத்தவர், நான் நினைவூட்டிய பிறகுதான் மீண்டும் இயக்கினார். கடவுச்சொல் தொல்லை வேண்டாமென்று, பகிர்வைக் கடவுச்சொல் இல்லாமலே திறந்துவிடவும் முன்வந்தார். பிறருடைய வரிக்கணக்குகள் இருக்கும் கணினியில் இது ஆகாத காரியம் என்பதால், பகிர்வுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தார்.

மூன்றாவதாக, ஸ்கேன் செய்ததைக் கணினியின் கோப்புறைக்கு அனுப்பும் ஸ்கேனரின் பழைய வசதிக்காக, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 (SMB 1) நெறிமுறையை இயக்கலாமா என்று கேட்டார். 2017 மே மாதத்தில் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற தீநிரல் இந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது சேர்க்கப்படுவதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (வீட்டுக் கணினிகளுக்குள் கோப்புகளைப் பகிர இருந்த, 2018-இல் விண்டோஸிலிருந்து நீக்கப்பட்ட ஹோம்குரூப் வசதியை இன்றும் பரிந்துரைக்கும் காணொளிகளைப் பார்க்கையில், இவர் எவ்வளவோ மேல்.)

மழைக்காலத்தில் இங்கு மின்சாரம் அடிக்கடி போய் வரும். ரவுட்டர் மறுபடி உயிர்பெறும்போது முகவரிகள் மாறிவிடலாம். ஆகவே கீழ்க்கணினிக்கும் பிரிண்டருக்கும் நிலையான முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவராகச் செய்யவில்லை, கேட்டதும் செய்தார்.

வீட்டுக்கு வந்து பார்க்க 500 ரூபாய் வாங்கினார்கள். வேலை கடினமாக இருந்தாலும் அதே தொகைதான் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ரசீது கேட்டால்தான் கிடைக்கும், மாற்றிய அமைப்புகளை எழுதித் தருவதில்லை. கிளம்புவதற்கு முன் புதிய முகவரிகளையும் ரவுட்டரின் கடவுச்சொல்லையும் நீங்களே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவதே சரியாக வரும்.