திருகோணமலை நாற்சார் வீட்டு விடுதி: வாசல் பக்க அறையைக் கேட்டு எடுங்கள்

நடுவில் திறந்த முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமாக இருக்கும் பழைய நாற்சார் வீடொன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள், டச்சு விரிகுடாக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். படத்தைப் பார்த்து ஏசி அறை எடுக்க நினைப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கள்.

எங்களுக்கு முதலில் தந்தது பின்பக்க ஏசி அறை, கேட்டதும் மறுநாள் முன்னுக்கு மாற்றித் தந்தார்கள். ஒரே கூரைக்குள் இவ்வளவு வித்தியாசமா! முன் பாதியில் திருத்த வேலைக்காரர் கை வைக்கவில்லை, அது தப்பியது. விறாந்தைத் தாழ்வாரம் உயரமானவர் குனிந்து ஏறும் அளவுக்கு இறங்கியிருக்கிறது, அதனால் உச்சி வெயில் சுவரில் விழாது, மாரியில் வாடைக் காற்று அடித்தாலும் தூவானம் கதவு வரை வராது. தடித்த சுண்ணாம்புச் சுவர், மேலே நாட்டு ஓடு, சூடு ஓட்டு இடுக்கால் தானாகப் போய்விடும். நாங்கள் போனது ஆடி மாதம், மலைநாட்டின் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று அனலாக வீசும் காலம், பகலில் 35 பாகை எல்லாம் சாதாரணம். அப்போதும் முன் அறையில் மின்விசிறியோடு நல்ல நித்திரை. ஊரில் ஐரோப்பியர் கட்டிய கோட்டைக்குள் இருக்கும் பழைய கட்டடங்களிலும் இதே ஓடு, இதே விறாந்தைதான். ஐரோப்பாவிலிருந்து வந்தவனும் இந்த வெயிலுக்கு இப்படித்தான் கட்ட வேண்டியிருந்தது.

சரி, முற்றத்துக்கு வருவோம். மேலே பிளாஸ்டிக் சீற் போட்டு மூடிவிட்டார்கள். கேட்டால், மழை உள்ளே வருகிறதாம். வரத்தானே வேண்டும்? தரையை ஒரு படி தாழ்த்தி மூலையில் தண்ணீர் போக வழி விட்டிருப்பது பிறகு எதற்கு? ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் ஆண்டு மழையில் பெரும்பங்கைக் கொட்டித் தீர்க்கிற ஊர், கட்டினவர்களுக்கு அது தெரியாதா? வெளியாள் விறாந்தையோடு நிற்க, சொந்தக்காரர் முற்றம் வரை வர, கல்யாணமும் பொங்கலும் நெல் காயப்போடுவதும் நடந்த இடம். இப்போது மத்தியானம் சூடு மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது, பிளாஸ்டிக் வாடை வேறு.

ஏசி அறையில் மரச்சட்ட ஜன்னலை எடுத்துக் கண்ணாடி அடைத்து, சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. கடற்காற்று ஊரில் விளைவு என்ன? கட்டில் தலைமாட்டில் உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாகக் கழன்று, காலையில் தலையணை முழுக்க வெள்ளைத் தூள். கரண்ட் போனால் உள்ளே இருக்கவே முடியாது.

சாப்பாடு நல்லது. பிட்டும் சொதியும் அருமை, நண்டுக் கறிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பணியாளர்கள் தங்கமான ஆட்கள்.

முன் அறைக்கு 5க்கு 4, ஏசி அறைக்கு 2, அதுவும் சாப்பாட்டுக்காக. வாடகையும் முன்னுக்குத்தான் குறைவு. பதியும்போதே வாசல் பக்க அறை என்று சொல்லி உறுதிப்படுத்துங்கள், சும்மா இருந்தால் பின்னுக்குத்தான் தள்ளுவார்கள்.