பிளஸ் டூ பொருளியல் கைடு வாங்கலாமா?

என் டியூஷன் பிள்ளைகளுக்காக இந்த வருஷம் ஒரு தனியார் கைடு வாங்கினேன். அச்சு தெளிவு, ஒரு மதிப்பெண் விடைகளும் சரி. பாஸ் மார்க் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

என் வருத்தமெல்லாம் பொருளாதார அமைப்புகள் பகுதியில்தான். முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம் என மூன்றுக்கும் நன்மை, தீமையை வரிசையாகப் போட்டு முடித்துவிட்டார்கள். முதலாளித்துவத்தின் தந்தை ஆடம் ஸ்மித், சமதர்மத்தின் தந்தை கார்ல் மார்க்ஸ், அடுத்த கேள்வி. 1969-ல் 14 வங்கிகளை ஏன் நாட்டுடைமை ஆக்கினார்கள், 1991-ல் ஏன் தாராளமயத்துக்குப் போனோம் என்று ஒரு வரி கிடையாது. அரசியலமைப்பின் முகப்புரையில் 'சமதர்ம' என்ற சொல் 1976-ல், 42-வது திருத்தத்தில்தான் சேர்ந்தது. அரசியலை விட்டுவிட்டுப் பொருளாதாரத்தை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

கைடை மூடச் சொல்லிவிட்டு எங்கள் தெருவைப் பற்றிக் கேட்டேன். ரேஷன் அரிசி இலவசம், அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்? ஆவின் பாலுக்கு யார் விலை வைக்கிறார்கள், தனியார் பாலுக்கு யார்? அண்ணாச்சி கடைத் தக்காளி சாயங்காலம் ஏன் இறங்குகிறது? "அப்போ எல்லாமே நம்ம தெருவுலயே இருக்கா சார்?" என்றாள் ஒருத்தி. அப்புறம் அரிசி எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா என்று பெரிய வாக்குவாதம். இப்படி ஒரு பக்கமாவது கைடில் இருந்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு இரண்டரை. தேர்வுக்கு முந்தின வாரம் புரட்ட உதவும். அதுவரை அரசுப் பாடநூலையே படிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.