டி.ஓ. சீட் கிடைத்துவிட்டது: எந்தக் கல்லூரிக்கு டெபாசிட் கட்டுவது?

அமெரிக்காவில் எம்.டி.யைப் போலவே மருத்துவராக்கும் டி.ஓ. பட்டம் தரும் இரண்டு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளிலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்றுக்குப் பணம் கட்டியாக வேண்டும். எம்.டி. கல்லூரிகள் பெரும்பாலும் நூறு டாலர் அளவில் வாங்கிக்கொள்ளும், ஏப்ரல் கடைசிக்குள் விலகினால் அதையும் திருப்பித் தரும். டி.ஓ. பக்கம் வழக்கம் வேறு. ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்பார்கள். பல இடங்களில் கட்டியது கட்டியதுதான். அதனால் "இப்போதைக்கு எல்லாவற்றிலும் துண்டு போட்டு வைப்போம்" என்ற வேலை இங்கே நடக்காது.

எங்கள் அளவுகோல் இரண்டே இரண்டு. நான்கு ஆண்டு முடிவில் கடன் எவ்வளவு? மூன்றாம் ஆண்டில் எந்த மருத்துவமனையில் நிற்கப் போகிறீர்கள்? புதுக் கட்டடம், சிமுலேஷன் பொம்மை, ஆளுக்கொரு ஐபேட் எல்லாம் இவற்றுக்குப் பிறகு. முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தக் கல்லூரி மாணவரும் படிப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: அங்கி (Anki) என்ற மனப்பாடச் செயலியின் கார்டு, வீடியோ, யூவேர்ல்டு கேள்வி வங்கி. கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகுதான்.

பணம்: 2026 ஜூலைக்கு முன், பின்

முன்பெல்லாம் கட்டணம் எவ்வளவானாலும் அரசின் கிராட் பிளஸ் கடன் மிச்சத்தை மூடிவிடும். அமெரிக்க அரசு 2025-ல் இயற்றிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். அதோடு சரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் டி.ஓ. கல்லூரியில் கட்டணம் 62,000, வாடகை, சாப்பாடு, கார், காப்பீடு எல்லாம் 28,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 90,000. அரசுக் கடன் போக 40,000 துண்டு விழுகிறது. நான்கு ஆண்டில் 1,60,000 டாலர் தனியார் வங்கிக் கடன். அதற்குப் பெரும்பாலும் கோ-சைனர் கேட்பார்கள், அதாவது அப்பா அம்மாவின் கையெழுத்து. லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை செய்தபடி 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் பி.எஸ்.எல்.எஃப். திட்டமும் இந்தக் கடனுக்குப் பொருந்தாது. பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சி ஆண்டுகளும் அந்த 120-ல் சேரும் என்பதால் அது பெரிய இழப்பு.

டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டி.காம் (TCOM) என்ற டி.ஓ. கல்லூரி மாநில அரசுடையது. டெக்சாஸ்வாசிக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 டாலரை ஒட்டித்தான். கான்ரோவில் சாம் ஹியூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2020-ல் தொடங்கிய டி.ஓ. கல்லூரியும் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தொடங்கியபோது அங்கே கட்டணம் 55,000 டாலர். பெயர்ப்பலகையில் 'ஸ்டேட்' இருந்தால் கட்டணம் குறைவு என்று நினைக்கக் கூடாது. கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். இரண்டிலும் இடம் கிடைத்த டெக்சாஸ் மாணவர் டி.காமை விட வேண்டுமானால் மிக வலுவான காரணம் வேண்டும். ஒன்று கவனிக்க: டெக்சாஸின் அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் வழி டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பத் தளம்; மற்ற டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆகோமாஸ் தளம். அது தெரியாமல் ஆகோமாஸில் டி.காமைத் தேடிச் சலித்தவர்கள் உண்டு.

மிச்சிகன் ஸ்டேட், ஓஹையோ யூனிவர்சிட்டி, ஓக்லஹோமா ஸ்டேட் ஆகியவையும் அரசுக் கல்லூரிகள். உள்மாநிலத்தவருக்குச் சலுகை, வெளிமாநிலத்தவருக்கு மிச்சிகனில் அந்தச் சலுகை அப்படியே ஆவியாகிவிடும். தனியாரில் பென்சில்வேனியாவின் எரி (Erie) நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லெகோம், கட்டணம் குறைந்தவற்றில் ஒன்று. பதிலுக்கு உடைக் கட்டுப்பாடும் ஒழுங்கு விதிகளும் கறார். கழுத்தில் டை கட்டி வகுப்பில் உட்கார முடியாதவர் வேறிடம் பார்க்கலாம். முடிந்தவருக்கு அந்த டை பல்லாயிரம் டாலர் மிச்சம் பிடிக்கும்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அரசுக் கடன் கிடையாது. கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்க்கவே சேர்க்காத கல்லூரிகளும் உண்டு, ஓராண்டுக்கோ அதற்கு மேலோ உள்ள பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்பவையும் உண்டு. ராணுவ உதவித்தொகைக்கும், மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளில் வேலை செய்ய ஒப்புக்கொள்வோருக்கான என்.ஹெச்.எஸ்.சி. உதவித்தொகைக்கும் குடியுரிமை வேண்டும். விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன்பே கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு எங்கே?

பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. ரொட்டேஷன் என்ற சுழற்சிப் பயிற்சிக்கு மாணவர்களைப் பல ஊர் மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். எந்த ஊர் என்பதைச் சில இடங்களில் குலுக்கல் தீர்மானிக்கும். அப்படி அனுப்பப்படும் இடங்களிலும் இரண்டு வகை. ரெசிடென்ட்களோடு வார்டில் நின்று, காலை ரவுண்ட்ஸில் நோயாளியைப் பற்றிச் சொல்லி, இரவு அழைப்பில் இருந்து கற்பது ஒரு வகை. ஒரே ஒரு மருத்துவரின் கிளினிக்கில் அவர் பின்னால் நடப்பது இன்னொரு வகை. இதைப் பிரிசெப்டர் முறை என்பார்கள். இரண்டாவதில் நல்ல ஆசிரியர் அமைந்தால் கையில் வேலை நிறையக் கிடைக்கும், அமையாவிட்டால் ஆறு வாரம் நிழலாக நிற்க வேண்டியதுதான். பிரிசெப்டர் முறையிலேயே முழு ஆண்டும் போனவர், ரெசிடென்சியின் முதல் வாரத்தில் பத்து நோயாளிகளை ஒன்றாகப் பார்க்கத் திணறுவார்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு எவ்வளவு போகும் என்பதற்கு ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம் சான்று. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் மிசௌரியின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியின் தொடர்ச்சி அது. கர்க்ஸ்வில்லில் இரண்டு ஆண்டு சின்ன ஊர் வாழ்க்கை, பிறகு பல மாநிலங்களில் உள்ள மையங்களில் ஒன்றுக்குப் பெயர்வு. அதே பல்கலைக்கழகத்தின் அரிசோனா மெசா கல்லூரியில் முதல் ஆண்டு மட்டுமே வளாகத்தில். இரண்டாம் ஆண்டிலேயே ஏழை எளியோருக்கான சமூக நல மையங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குடும்ப மருத்துவம் செய்யத்தான் வந்தேன் என்பவருக்கு மெசா பொருந்தும். அறுவைச் சிகிச்சைக் கனவோடு வருபவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் இவற்றுக்கு எதிர்ப்பக்கம்: 1969-ல் தொடங்கிய அது, மாநிலமெங்கும் உள்ள பயிற்சி மருத்துவமனைகளோடு நீண்ட காலமாகப் பிணைந்தது, ரெசிடென்சியும் அதே வலைப்பின்னலில் கிடைக்கும்.

நேர்காணலில் "உங்கள் ரொட்டேஷன் நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் "ஓ, பிரமாதம்" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறுக்குங்கள். உள் மருத்துவமும் அறுவைச் சிகிச்சையும் எத்தனை வாரம் ரெசிடென்ட் உள்ள மருத்துவமனையில்? நடுவில் எத்தனை முறை வீடு மாற வேண்டும்? நான்காம் ஆண்டில் நானே தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் எத்தனை? சென்ற ஆண்டு கைவிட்டுப் போன மருத்துவமனை எது? கடைசிக் கேள்விக்கு நிர்வாகம் நெளியும். மூன்றாம் ஆண்டு மாணவர் நேராகச் சொல்லிவிடுவார்.

எந்த மாணவருக்கு எங்கே ரெசிடென்சி கிடைத்தது என்று கல்லூரி காட்டும் மேட்ச் பட்டியலையும் அப்படியே நம்பக் கூடாது. 'அறுவைச் சிகிச்சை' என்று எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் ஓராண்டு பிரிலிமினரி இடமாக இருக்கும்; அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வீதியில். 'பிளேஸ்மென்ட் 99 சதவீதம்' என்பதும் மேட்ச் விகிதமும் ஒன்றல்ல. மேட்ச் ஆகாமல் கடைசி வாரத்தில் காலியிடம் தேடிப் பிடித்தவர்களும் பிளேஸ்மென்ட்டில் அடங்குவார்கள். டி.ஓ. உரிமத் தேர்வான கோம்லெக்ஸில் முதல் முயற்சித் தேர்ச்சி, நான்கே ஆண்டில் பட்டம் வாங்கியோர் விகிதம், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். முதல் அணி இன்னும் பட்டம் வாங்காத புதுக் கல்லூரிக்கு இந்த எண்கள் எதுவுமே இருக்காது. அதே கட்டணத்துக்குப் பழைய கல்லூரி கையில் இருக்கும்போது புதியதை எடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

எம்.டி.யும் கரீபியனும்

ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்து "எலும்பு டாக்டரா?" என்று கேட்பார், ஆர்த்தோவோடு குழப்பிக்கொள்கிறார். டி.ஓ. முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், கத்தி பிடிக்கலாம். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் மருத்துவர் அல்ல. பெயர் ஒன்று, படிப்பு வேறு.

2020 முதல் ரெசிடென்சிக்கு ஒரே பொது மேட்ச். 2025-ல் எம்.டி. கடைசியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதமும் டி.ஓ. மாணவர்களில் 92.6 சதவீதமும் இடம் பெற்றார்கள். மொத்தத்தில் சமம் போலத் தெரியும். நரம்பியல் அறுவை, பிளாஸ்டிக் அறுவை, தோல் மருத்துவம் போன்றவற்றில் டி.ஓ.வுக்குக் கதவு இன்னும் ஒடுக்கம்தான். அந்தத் துறைகள் மட்டுமே வேண்டும் என்பவர் எம்.டி. சீட் கிடைத்தால் எடுக்கட்டும். கரீபியன் கல்லூரியா, டி.ஓ.வா என்றால் விவாதமே இல்லை: வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களின் மேட்ச் விகிதம் அந்த ஆண்டு 68 சதவீதத்தை ஒட்டித்தான்.

இரட்டைத் தேர்வு

டி.ஓ. மாணவருக்குக் கோம்லெக்ஸ் கட்டாயம். எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. விருப்பம், ஆனால் பல ரெசிடென்சிகள் அதைத்தான் ஒப்பிடத் தெரிந்த எண்ணாகக் கருதுகின்றன. இரண்டிலும் முதல் நிலை 2022 முதல் வெறும் பாஸ், ஃபெயில். ஆகவே எண் கிடைப்பது இரண்டாம் நிலையில். போட்டி மிகுந்த துறை குறிவைப்பவர் யு.எஸ்.எம்.எல்.இ.யின் இரண்டாம் நிலையான ஸ்டெப் 2-ஐ எழுதுவது நல்லது. குடும்ப மருத்துவத்துக்குக் கோம்லெக்ஸ் போதும். பயிற்சித் தேர்வில் எண்கள் தடுமாறும்போது "எழுதித்தான் பார்ப்போமே" என்று ஸ்டெப் 1-க்குப் போகக் கூடாது. பின்னால் மதிப்பெண் சான்றை அனுப்பும்போது தோல்வியும் சேர்ந்தே போகும். தேர்வுக்கு முன் எத்தனை வாரம் விடுப்பு, கேள்வி வங்கிக்குக் கல்லூரி பணம் கட்டுகிறதா என்பதையும் ஒப்பிடுங்கள். நான்கு வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

ஆகஸ்டுக்கு முன்

அதிகம் பேர் சிக்குவது தடுப்பூசித் தாளில். ஹெப்படைட்டிஸ் பி-க்கு ஊசி போட்ட சான்று மட்டும் போதாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 அல்லது அதற்கு மேல் இருப்பதாக டைட்டர் சோதனை முடிவு வேண்டும். சின்ன வயதில் போட்டவர்களுக்கு அது குறைந்திருப்பது சகஜம். மறுபடி மூன்று ஊசி என்றால் ஆறு மாதம். ஹெப்லிசாவ் என்ற இரண்டு ஊசி வகையானால் ஒரு மாத இடைவெளி, பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர். ஆகவே மார்ச்சிலேயே ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்து பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் போடும் காசநோய்ச் சோதனை வீணாக வீங்கிக் காட்டலாம். அதன் பின்னால் மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். நேராகக் குவாண்டிஃபெரான் ரத்தச் சோதனையைக் கேளுங்கள். தட்டம்மை ஊசியும் காசநோய்ச் சோதனையும் இரண்டும் பாக்கி என்றால் ஒரே நாளில் முடியுங்கள். ஊசியை முதலில் போட்டுவிட்டால் சோதனைக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

ஸ்டெதஸ்கோப், கண் பார்க்கும் கருவி எதையும் முந்திக்கொண்டு வாங்க வேண்டாம். கல்லூரி பட்டியல் தரும், சில இடங்களில் பொருளே தரும். முன்கூட்டி உடற்கூறியல் படிப்பதும் பெரிதாக உதவாது. அங்கிச் செயலியை ஓட்டத் தெரிந்துகொள்வது உதவும்.

மாறாக, கையால் தசை, மூட்டுகளைச் சரிசெய்யப் பழகும் ஓ.எம்.எம். லேபுக்குக் கொஞ்சம் தயாராகலாம். முதல் இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 200 மணி நேரம் அதில் போகும். மாணவர்கள் ஒருவர் உடலில் ஒருவர் பழகுவார்கள். அரைக்கால் சட்டை, முதுகைத் திறந்து காட்டக்கூடிய மேலாடை வேண்டும். தயக்கம் உள்ளவர்கள் முன்பே துறைக்கு எழுதினால் ஏற்பாடு செய்வார்கள். கவுண்டர்ஸ்ட்ரெய்ன் முறையில் வலிக்கும் புள்ளியில் விரலை வைத்தபடி, வலி பெரும்பகுதி அடங்கும் நிலைக்கு உடலை மடக்கி, 90 நொடி பிடித்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுச் சட்டென்று திருப்பினால் தசை மீண்டும் இறுகிவிடும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் யாரையாவது குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை நேரே ஏழாவது மார்பு முள்ளெலும்பு, இடுப்பெலும்பு மேல்விளிம்பு நேரே நான்காவது இடுப்பு முள்ளெலும்பு என்று கண்ணை மூடித் தடவிப் பழகலாம். அதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.