பழைய ஸ்விஃப்ட்: பெட்ரோலா, டீசலா?

ஐந்து லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் தேடும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பட்டியலில் மாருதி ஸ்விஃப்ட் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். 2011 ஆகஸ்டில் அறிமுகமாகி 2018 தொடக்கம் வரை விற்பனையில் இருந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட்தான் இன்று பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கிடைக்கிறது. அதை வாங்க முடிவு செய்தவுடன் எழும் அடுத்த கேள்வி பெட்ரோலா, டீசலா என்பது. ஒன்றில் இருப்பது 1.2 லிட்டர் கே சீரிஸ் பெட்ரோல் என்ஜின். மற்றொன்றில் இருப்பது ஃபியட்டின் உரிமத்தைப் பெற்று மானேசரில் தயாரான 1.3 லிட்டர் டீசல் என்ஜின். மற்றபடி இரண்டும் ஒரே வண்டிதான். திருச்சியில் நான் தேடியபோது இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்து, முடிவில் 2015 ஆம் ஆண்டின் பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினேன். ஆகவே இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். டீசல் என்ஜினின் இழுவிசை 190 நியூட்டன் மீட்டர். பெட்ரோலில் அது 115 அளவில்தான் இருக்கும். நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக ஏ.சி. போட்டுக்கொண்டு கொல்லிமலை ஏறினால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். நகரத்திற்குள் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது பெட்ரோல் வண்டி அமைதியாகவும் இலகுவாகவும் இருக்கும். இரண்டுமே 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான பிரிவில் வருவதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மாற்றமில்லை. இரண்டிலும் வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கிறது. 2014 இறுதியில் வந்த புதுப்பித்த மாடலுக்கு நிறுவனம் அறிவித்த மைலேஜ் பெட்ரோலுக்கு 20.4, டீசலுக்கு 25.2. சாலையில் இந்த எண்களை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 19 என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் பிழைக்காது.

டீசல் கார்களுக்கு நம் ஊரில் இன்றும் இருக்கும் மதிப்பு வேறொரு காலத்தின் விலைநிலையில் பிறந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 இல் நீக்கப்பட்டபோதும் டீசல் விலையை அரசு தன் கையில் வைத்திருந்ததால், 2012 வாக்கில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 25 ரூபாய்க்கும் மேல் இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் 50 காசு என்ற அளவில் இருந்தன. மேற்சொன்ன மைலேஜ்படி பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 73 காசும், டீசல் வண்டிக்கு 4 ரூபாய் 87 காசும் செலவாகிறது. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்கு டீசலால் ஆண்டுக்குச் சுமார் 11,000 ரூபாய் மிஞ்சும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குச் சுமார் 44,000 ரூபாய் மிஞ்சும். எரிபொருளோடு கணக்கை முடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் டீசலே இலாபம். தரகர்களும் இந்த இடத்தில்தான் கணக்கை முடிப்பார்கள்.

பழைய வண்டியைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அதிலும் மாதாமாதம் ஆகும் சில்லறைச் செலவைவிட, எதிர்பாராமல் ஒரே தடவையில் வந்து நிற்கும் பெரிய செலவுதான் குடும்பத்தின் கணக்கைக் குலைக்கும். ஸ்விஃப்டின் பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் மூன்று நான்கு பார் அழுத்தத்தில், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிறது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் அமைப்பிலோ அந்த அழுத்தம் 1,400 பார் அளவுக்கு உயரும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பம்பும் இன்ஜெக்டர்களும் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிகளோடு செதுக்கப்பட்டவை. டீசலில் கலந்த தண்ணீரோ தூசியோ ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் அவை தேயத் தொடங்கும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சற்றுத் தாமதம், ஐடிலில் (வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகை என்று படிப்படியாக அறிகுறிகள் தெரியும். நான்கு இன்ஜெக்டர்களையும் புதிதாக மாற்ற நேர்ந்தால் செலவு அரை லட்சத்தை எளிதாகத் தொட்டுவிடும். டீசல் பம்ப் கடையில் கொடுத்துப் பழுது நீக்கிக்கொண்டால் குறையும். ஆனால் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பது அந்தக் கடைக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது.

இதனுடன், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் சேர்ந்துகொள்கிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் அதன் தண்டு, என்ஜின் ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல்தான் மிதக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்து நிறுத்திய உடனே சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூடான தண்டில் தேங்கிய ஆயில் கரியாகிவிடும். அரை நிமிடமாவது ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அப்படிச் செய்தாரா என்பது எந்தச் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்காது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் இந்த 1.3 என்ஜினின் டைமிங் செயின் நீண்டு தளர்ந்துவிடுவதும் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த குறைதான். செயின் பல் தாண்டிவிட்டால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, தலைப்பகுதியையே கழற்ற வேண்டிய நிலை வரும். சுருங்கச் சொன்னால், பழைய டீசல் வண்டி வாங்குபவர் முந்தைய உரிமையாளரின் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே வாங்குகிறார். பெட்ரோல் என்ஜின் அந்தப் பழக்கங்களைப் பெருமளவு மன்னித்துவிடும். டீசல் என்ஜின் கணக்கு வைத்திருந்து, அடுத்து வாங்கியவரிடம் வசூலிக்கும்.

ஓட்டம் குறைவாக உள்ள வீட்டில் டீசலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தில்லை நகரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து பள்ளி, மறுபடி வீடு என்று சிறு தூரங்களுக்கே ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடும். புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் காற்று உள்ளே போகும் பாதையிலும் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்துவிட்டது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடியாக வேண்டும். ஸ்விஃப்டில் அந்தப் பிரச்சினை எழாததற்குக் காரணம், பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டதுதான். இந்த டீசல் என்ஜின் டாடா, ஃபியட் வண்டிகளிலும் இருந்ததால் உதிரிபாகங்கள் இன்னும் தாராளமாகவே கிடைக்கின்றன. பத்து ஆண்டுகள் கழித்தும் இதே நிலை இருக்கும் என்று நம்பிப் பணம் போட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நல்ல டீசல் வண்டியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். முதல் சில நொடிகளில் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஓசை வந்தால் செயினைச் சந்தேகிக்கலாம். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாக அடித்து வெளியேறக் கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, டீசலில் புது ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும். எந்த வண்டியிலும் அந்த மூடியின் அடிப்பக்கம் பால் கலந்த காப்பியின் நிறத்தில் படிந்திருந்தால்தான் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று ஆராய வேண்டும். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவை (ரிட்டர்ன்) சோதித்துத் தரும்படி டீசல் மெக்கானிக்கிடம் கேட்டால், எந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். அதற்கு உரிமையாளர் மறுத்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை டீசல் வண்டிகளில் இன்னும் கவனமாக அணுக வேண்டும். நிறைய ஓட்டுபவர்கள்தான் அன்றைக்குக் கூடுதல் விலை கொடுத்து டீசல் வாங்கினார்கள். பத்து வருட டீசல் வண்டி 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது என்றால் அதை நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். பதிவு எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் விவரங்களைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. உரிமையாளர் உடன் இருந்தால் கேட்பது சுலபம். ஸ்டியரிங், கியர் நாப், பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவற்றின் தேய்மானமும் ஓரளவு உண்மையைச் சொல்லும். ஆர்.சி.யில் வண்டி தொடக்கத்திலிருந்தே ஓன் போர்டா (சொந்த உபயோகம்), டி போர்டிலிருந்து (வாடகை வண்டி) மாற்றப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்விஃப்டின் செடான் வடிவமான, டாக்சியாக அதிகம் ஓடிய டிசையரை வாங்குவோருக்கு இது மிகவும் முக்கியம். சென்னையிலிருந்து வந்த வண்டியானால், 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ மூழ்கியதா என்பதை அறிய சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை எந்த வாட்டர் சர்வீஸும் சுத்தம் செய்வதில்லை.

பெட்ரோல் ஸ்விஃப்டின் பராமரிப்பைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. அதுவே அதன் சிறப்பு. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் முந்தி வருவதன்படி ஆயிலும் ஃபில்டரும் மாற்றுதல், உரிய காலத்தில் ஸ்பார்க் பிளக், அவ்வப்போது திராட்டில் பாடி சுத்தம் செய்தல். இவற்றைச் சாலையோர மெக்கானிக் எவரும் செய்துவிடுவார். கிளட்ச், லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் போன்றவை தேயும் பொருட்கள். இரண்டு வகை வண்டியிலும் தேயும், கிளட்ச் மட்டும் டீசலில் விலை கூடுதல். குறைவாக ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் எட்டவில்லை என்று ஆயிலை இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது எந்த என்ஜினுக்கும் நல்லதன்று.

பெட்ரோலுக்கு ஆதரவாகப் பேசும்போது எனக்கு முழு உறுதி இல்லாத இடம் ஒன்று உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2015 இல் தயாரான வண்டி அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பே. மேலே நான் 15 என்று வைத்துக் கணக்கிட்டது அதையும் சேர்த்துத்தான். ரப்பர் குழாய்களும் சீல்களும் நாளடைவில் எப்படித் தாங்கும் என்பதைச் சொல்ல என் அனுபவம் போதாது. இதுவரை என் வண்டியில் கசிவு எதுவும் தென்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். டீசல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்படியானால் டீசல் யாருக்கு? திருச்சியிலிருந்து கரூருக்கோ புதுக்கோட்டைக்கோ நாள்தோறும் போய் வரும் விற்பனைப் பிரதிநிதி போன்றவருக்கு ஆண்டுக்கு மிஞ்சும் 44,000 ரூபாய், வந்தாலும் வரக்கூடிய இன்ஜெக்டர் செலவை ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்திலேயே ஈடுகட்டிவிடும். அவருடைய ஓட்டமும் டீசல் என்ஜினுக்கு உகந்தது. ஆண்டுக்கு 11,000 மிச்சம் பிடிக்கும் குடும்பத்திற்கு அதே செலவை மீட்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வாங்கும்போதே டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மறுவிற்பனையில் நல்ல நிலையில் உள்ள டீசல் ஸ்விஃப்டுக்கு நம் மாவட்டங்களில் இன்னும் மவுசு உண்டு என்பதை மறுக்க முடியாது. டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015 இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்து, 2018 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, 2025 இல் அதே நீதிமன்றம் தளர்த்திய தடை இங்கே இருந்ததில்லை. ஆனால் அந்தத் தடையால் அங்கே மலிவான வண்டியை ஆசைப்பட்டு வாங்கி வருபவர், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பெற்று, இங்கே மறுபடியும் ஆயுள் வரி கட்டிப் பதிவெண் மாற்றிய பிறகு, விலையில் கண்ட மலிவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோலோ டீசலோ, பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் பசுமை வரியும் உண்டு. ஆகையால் 2012 வண்டியைவிட 2016 வண்டிக்கு முப்பது நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. வாங்கியதும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் பெற்று, கடன் இருந்த வண்டியானால் வங்கியின் படிவம் 35 ஐயும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தையும் காப்பீட்டு மாற்றத்தையும் கையோடு முடித்துவிட வேண்டும்.