நாலு மிடி கருவி, ஒரு லேப்டாப்: எந்த இணைப்பு யாருக்கு?

வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்களின் மேசையில் பழசும் புதுசும் கலந்துதான் இருக்கும். ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கச்சேரி மேடைகளில் அடிபட்டு வந்த ரோலண்ட் எஸ்பிடி-20 ஆக்டோபேட் (குச்சியால் அடித்து வாசிக்கும் எலக்ட்ரானிக் தாளக் கருவி), செகண்ட் ஹேண்டில் கிடைத்த ஜேவி-1080 மாட்யூல் (விசை இல்லாமல் ஒலி மட்டும் கொடுக்கும் பெட்டி), எக்ஸ்பி-30 கீபோர்டு, புதிதாக வாங்கிய ஒரு சின்ன மாஸ்டர் கீபோர்டு (தனக்கென ஒலி இல்லாமல் மற்றவற்றை வாசிக்க உதவுவது). முதல் மூன்றிலும் யூஎஸ்பி கிடையாது. ஐந்து முள் மிடிதான்: ஒலியை அல்ல, எந்த ஸ்வரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற செய்தியைக் கடத்தும் இணைப்பு. நாலாவதில் யூஎஸ்பி மட்டும். லேப்டாப்பில் இருப்பதோ இரண்டு மூன்று துளை. அதில் ஒன்றை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) ஏற்கெனவே பிடித்துக்கொண்டது.

எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணுவதைவிட எத்தனை பேசுகிறது, எத்தனை கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நாம் வாசிக்கும் ஆக்டோபேட், எக்ஸ்பி-30, மாஸ்டர் கீபோர்டு மூன்றும் பேசுபவை. கணினி சொல்வதைக் கேட்டு ஒலி கொடுப்பவை ஜேவியும் எக்ஸ்பி-30-உம். ஒரு மிடி கேபிளில் 16 சேனல் (யாருக்கான செய்தி என்று சொல்லும் தனித்தனி முகவரி மாதிரி) இருப்பதால் கேட்பவை ஒரே அவுட்டைப் பகிர்ந்துகொள்ள முடியும். பேசுபவை அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி இன் வேண்டும். கீழே வரும் எல்லா வழிகளும் இந்த ஒரு இடத்தில்தான் ஒன்றை ஒன்று ஜெயிக்கின்றன, தோற்கின்றன.

பழைய வழி, த்ரூ துளை வழியாகச் சங்கிலி போடுவது. கணினியின் மிடி அவுட்டிலிருந்து ஜேவியின் இன், ஜேவியின் த்ரூவிலிருந்து எக்ஸ்பியின் இன். செலவு கேபிளோடு முடிந்தது. கணினிப் பக்கம் ஒரு ஜோடி மிடி துளை போதும். அதுவும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்பக்கத்திலேயே இருக்கலாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் மிடி இல்லை, 4ஐ4-இல் ஒரு ஜோடி உண்டு. பணத்தை எடுக்கும் முன் அங்கே ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

இந்தச் சங்கிலி கேட்பவைக்கு மட்டும்தான் உதவும். த்ரூ என்பது உள்ளே வந்ததன் நகல், அவ்வளவுதான். எக்ஸ்பியில் நீங்கள் வாசிப்பது அதன் அவுட்டில்தான் வரும், த்ரூவில் வராது. ஆக்டோபேடைச் சங்கிலியின் கடைசியில் மாட்டிவிட்டு "அடி எதுவுமே பதிவாகவில்லையே" என்று ரெக்கார்டிங் மென்பொருளை நோண்டிப் பயனில்லை.

இன்னொரு குறை வேகம். ஐந்து முள் மிடி 1983-இல் வந்தபோது வைத்த வேகம் விநாடிக்கு 31,250 பிட், இன்றும் அதேதான். ஒரு ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு மூன்று பைட், அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட். கிக், பேஸ், நாலு ஸ்வரக் கார்டு, இரண்டு ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் ஒரே தட்டில் விழுந்தால் எட்டாவது ஸ்வரம் ஏழெட்டு மில்லிசெகண்ட் பிந்தும். தனியாகக் கேட்டால் தெரியாது. தாளம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். நம் ஊர்ப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய சுமை கமகம். புல்லாங்குழல், நாதஸ்வர ஒலிகளைப் பிட்ச் பெண்டால் (சுருதியை வளைக்கும் வசதி) இழைத்து வாசிக்கும்போது நூற்றுக்கணக்கான செய்திகள் பொழியும். ஒரு கேபிள் விநாடிக்குச் சுமார் ஆயிரம் செய்திதான் தாங்கும். அதே கேபிளில் தாளமும் போனால் முதலில் அடி வாங்குவது தாளம். சங்கிலி நீளும்போது சிக்னலின் வடிவமும் ஒவ்வொரு கருவியிலும் கொஞ்சம் மழுங்கும். மூன்றுக்கு மேல் கோர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் த்ரூ பாக்ஸ் வாங்கிவிடலாம்: ஒரு இன், நாலைந்து அவுட். எல்லாரும் கண்டுகொள்ளாமல் விடும், ஆனால் உருப்படியான சாமான்.

அடுத்த வழி எல்லாவற்றையும் யூஎஸ்பியில் கொண்டுவருவது. யூஎஸ்பி உள்ள கருவிக்கு இதைவிட எளிது வேறில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரோடு தனிப் போர்ட்டாகத் தெரியும், வேக நெரிசலும் இல்லை. ஒரு துளையைப் பலதாக்கும் ஹப் மட்டும் தனி அடாப்டர் உள்ளதாக இருக்கட்டும். அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், 500 மில்லிஆம்பியரையே எல்லோருக்கும் பங்கு போடும். விளக்குகள் மினுக்கும் மாஸ்டர் கீபோர்டு இரண்டு மாட்டினால் ஒன்று நடுவில் காணாமல் போகும். ஆடியோ இன்டர்ஃபேஸை ஹப்பில் மாட்டாமல் லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள்.

யூஎஸ்பியின் பெரிய தொல்லை இரைச்சல். கீபோர்டு யூஎஸ்பியிலும் கணினியோடு சேர்ந்திருக்கும், ஆடியோ கேபிளிலும் இன்டர்ஃபேஸோடு சேர்ந்திருக்கும். எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகி, லேப்டாப் சார்ஜர் போட்டவுடன் "ஙீ" என்று ஒரு சத்தம் கிளம்பும். ஐந்து முள் மிடியில் இந்த வழியாக அது வராது. இன் பக்கத்தில் உள்ள ஆப்டோகப்ளர் செய்தியை ஒளியாக மாற்றித் தாண்டவைக்கிறது. இரண்டு கருவிக்கும் மின்தொடர்பே இல்லை. இரண்டு துளையும் உள்ள கீபோர்டில் சத்தம் வந்தால் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து முள்ளுக்கு மாறிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐந்து முள் கருவிகளையும் யூஎஸ்பிக்குக் கொண்டுவரச் சிலர் ஆளுக்கு ஒரு மலிவு கன்வர்ட்டர் கேபிள் மாட்டுகிறார்கள். ஒன்றுக்குப் பரவாயில்லை, மூன்று வேண்டாம். ஒரே மாதிரி மூன்று கேபிளும் ஒரே பெயரில் தெரியும். துளை மாற்றிச் செருகினால் எது ஆக்டோபேட், எது ஜேவி என்று மறுபடி தேட வேண்டும். பெயரில்லாத மலிவு கேபிள்கள் பல, ஜேவியின் பேட்ச்களை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) மொத்தமாகக் கணினிக்கு அனுப்பும் நீண்ட சிஸ்எக்ஸ் செய்தியை நடுவில் சிதைத்துவிடும். சிலவற்றில் ஆப்டோகப்ளரே இருக்காது. ஒன்றே ஒன்று போதுமென்றால் ரோலண்ட் யூஎம்-ஒன் மாதிரி ஒன்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நிம்மதி.

பல துளை மிடி இன்டர்ஃபேஸ்தான் இந்த மேசைக்கு என் தேர்வு. ஒரே யூஎஸ்பி கேபிளில் நாலோ எட்டோ இன், அதே அளவு அவுட். ஒவ்வொரு அவுட்டுக்கும் தனியாக அந்த 31,250 பிட். ஆக ஜேவி கமகத்தில் திணறினாலும் எக்ஸ்பி தன் தாளத்தில் போகும். சேனலும் அவுட்டுக்கு 16, எட்டு அவுட் என்றால் 128. மோட்டுவின் மைக்ரோ லைட்டில் ஐந்து இன், ஐந்து அவுட். ஐகனெக்டிவிட்டியின் மியோஎக்ஸ்எம்-இல் நாலும் நாலும், கூடவே யூஎஸ்பி கருவிகளை மாட்டும் ஹோஸ்ட் துளை. கணினியை அணைத்துவிட்டுக்கூட மாஸ்டர் கீபோர்டால் ஜேவியை வாசிக்கலாம். சாதாரண ஹப்பில் அது நடக்காது, கணினி நடுவில் இல்லாமல் யூஎஸ்பி கருவிகள் ஒன்றோடொன்று பேசாது. இதன் குறை, விலை அதிகம் என்பதுதான். அந்தப் பணத்தில் இன்னொரு சின்னக் கீபோர்டே வாங்கிவிடலாம். கையில் இருப்பதெல்லாம் யூஎஸ்பி கருவி என்றால் இது தண்டச் செலவு.

புளூடூத் மிடி சோபாவில் உட்கார்ந்து மெட்டுப் போட நன்றாக இருக்கும். தாமதம் ஒரே சீராக இராது என்பதால் ஆக்டோபேட் அடிக்கு அதை நம்பமாட்டேன்.

எந்த வழியில் போனாலும் எக்ஸ்பி மாதிரி பேசவும் கேட்கவும் செய்யும் கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (விசைகள் உள்ளே இருக்கும் ஒலியை நேராக இயக்கும் அமைப்பு) ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் விசையிலிருந்து ஒரு தடவை, கணினி சுற்றி வந்து ஒரு தடவை என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக ஒலிக்கும். அப்புறம், இப்போது வரும் குட்டிக் கருவிகளில் ஐந்து முள்ளுக்குப் பதில் ஹெட்ஃபோன் துளை மாதிரி 3.5 மில்லிமீட்டர் மிடி துளை இருக்கிறது. அதில் ஏ, பி என்று இரண்டு வகை. 2018-இல் ஏ வகையைத்தான் தரமாக்கினார்கள், அதற்கு முன் வந்தவற்றில் பி வகையும் உண்டு. மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, ஒன்றும் கேட்காது. அடாப்டர் வாங்கும் முன் கருவியின் கையேட்டில் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.